டியாகோ கார்சியாவில் தடுக்கப்பட்டவர்கள்

ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்தில் குடியிருக்கும் எனக்கு, கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்கள் அயலார் அல்லர். என் மகளோடு ஒரே பேருந்தில் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளில் சிலர் அங்கிருந்து வருபவர்கள். அதனால்தான், 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிச் சென்ற இலங்கைத் தமிழர்களின் படகு நடுக்கடலில் சிக்கி, அவர்கள் இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமுள்ள டியாகோ கார்சியா தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட செய்தியை நான் விடாமல் படித்துவந்தேன்.

ராணுவத் தளம் இருக்கும் அத்தீவில், வேலியிட்ட சிறு முகாமில், எலிகள் நடமாடும் கூடாரங்களில், குழந்தைகள் உட்படப் பல பத்துப் பேர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தனர். பிரிட்டன் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுதான். ஆனால் அந்த உடன்படிக்கை இத்தீவுக்குப் பொருந்தாது என்பது அரசுத் தரப்பின் நிலைப்பாடு. கொடி கடல் தாண்டிப் பறக்கும், சட்டம் மட்டும் தாண்டாதாம்! 2024 டிசம்பரில், அத்தீவு அடங்கிய பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம், அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்துவைக்கப்பட்டிருந்தனர் என்று தீர்ப்பளித்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே பெரும்பாலானோர் பிரிட்டனுக்கு அழைத்துச்செல்லப்பட்டிருந்தனர்.

பிரிட்டனுக்குள்ளேயே தஞ்சம் கோருவோரும் மனு முடிவாகும்வரை பொதுவாக வேலை செய்ய முடியாது. தம் தவறின்றி 12 மாதங்கள் கடந்தால்தான் அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே.

இதைக் குறைகூறும்போது எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்தே இடவில்லை. எங்கள் பேருந்தில் வரும் அந்தப் பிள்ளைகள் இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதவர்கள்.