முழு ஃபைபருக்கு மாறும் வீட்டில் பழைய போன் எண்ணும் கரண்ட் இல்லாத இரவும்

லண்டனில் இருபது வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் 020 என்று தொடங்கும் ஒரு எண் மாறாமல் இருக்கிறது. ஊரில் சித்தி காலண்டரின் பின்பக்கம் எழுதிவைத்திருப்பது அந்த எண். டாக்டரிடம் பதிந்திருப்பதும் அதுவே. அம்மம்மாவுக்கு மனப்பாடமான ஒரே எண்ணும் அதுவாக இருக்கலாம். ஃபைபர் விற்க வருபவர்கள் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டார் முடிவுசெய்ய வேண்டியவை வேறு இரண்டு: அந்த எண் எங்கே போகப்போகிறது, கரண்ட் போனால் அந்தப் போனுக்கு யார் மின்சாரம் கொடுப்பது.

மாறாமல் இருந்துவிட்டால் இந்தத் தலைவலி வராது என்று நினைக்க வேண்டாம். செம்புக் கம்பியில் ஓடும் பழைய தொலைபேசிச் சேவையை 2025 டிசம்பரில் மூடுவதாக இருந்தார்கள். பிறகு அது 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிப்போனது. புதிதாக அந்த இணைப்பைக் கொடுப்பதை, நாட்டின் பெரும்பாலான லைன்களைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் 2023 செப்டம்பரிலேயே நாடு முழுவதும் நிறுத்திவிட்டது. ஆகவே தெருவுக்கு ஃபைபர் வராத வீட்டிலும் போன் ரூட்டர் வழியாகத்தான் பேசப்போகிறது. கீழே சொல்லும் மின்சார விஷயம் அந்த வீடுகளுக்கும் பொருந்தும்.

லைனைப் பொறுத்தவரை முழு ஃபைபர், அதாவது வீடு வரை கண்ணாடி இழையே வருவது, நல்லது, தயங்க வேண்டியதில்லை. இதுவரை ஃபைபர் என்ற பெயரில் விற்கப்பட்ட பல இணைப்புகளில் தெருமுனைப் பச்சைப் பெட்டி வரைதான் கண்ணாடி இழை. அங்கிருந்து வீடு வரை செம்பு. டவுன்லோடு 80 மெகாபிட், அப்லோடு 20 மெகாபிட் என்பது அதன் உச்சம். பெட்டிக்கும் வீட்டுக்கும் தூரம் கூடினால் அதுவும் இறங்கும். நிலத்தடி இணைப்பில் மழைநீர் இறங்கினால் போனில் கரகரப்பு கேட்கும், இணையம் விட்டுவிட்டு அறுந்துபோகும். கண்ணாடிக்குத் துரு பிடிக்காது, மின்னல் அதன் வழியே வீட்டுக்குள் வராது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரு இழையை 32 வீடுகள் வரை பிரித்துக் கொடுக்கும் பகுப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. அது வெறும் கண்ணாடி. பச்சைப் பெட்டியின் பேட்டரி தீர்ந்தது என்ற பிரச்சினை இங்கே கிடையாது.

ஃபைபரில் கோளாறு வந்தால் பெரும்பாலும் அடியோடு வந்துவிடும். தெருவில் தோண்டும்போது கேபிள் அறுபடும். மேலே போகும் கேபிளை மரக்கிளையோ உயரமான லாரியோ இழுத்துவிடும். வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஒளியை ரூட்டருக்கான சமிக்ஞையாக மாற்ற சுவரில் மாட்டும் சின்ன வெள்ளைப் பெட்டிக்கு, அதாவது ஓஎன்டிக்கு, வரும் மெல்லிய இழையைச் சோஃபாவின் காலுக்கும் சுவருக்கும் இடையில் நசுக்குவது, அல்லது மீதியை இறுக்கமாகச் சுருட்டிக் கேபிள் டை போடுவது. கூர்மையான வளைவில் ஒளி இழையை விட்டு வெளியே கசியும். மீதி இழையைக் காப்பிக் கோப்பையின் வாயளவாவது வட்டமாகச் சுற்றி, தளர்வாக விடுங்கள். ஓஎன்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது சரியாகாது. இழையைப் பிடுங்கி வாயால் ஊதவும் வேண்டாம். பச்சை நிற முனையில் ஒட்டும் ஒரு துளி ஈரமோ தூசியோ போதும், இருந்ததும் கெடும். விளக்கு என்ன நிறத்தில் இருக்கிறது என்று சொல்லிப் புகார் கொடுங்கள், நேரம் மிச்சமாகும். தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காமின் தானியங்கி இழப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனமாக இருந்தால், முழுதாக அறுந்த சேவையை இரண்டு முழு வேலைநாட்களுக்குள் சரிசெய்யாதபோது கேட்காமலே நாளுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொடுக்கும். திட்டத்தில் சேருவது கட்டாயமில்லை என்பதால் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி மின்சாரம். செம்பு லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 50 வோல்ட் வந்துகொண்டிருக்கும். வீடு இருட்டாக இருந்தாலும் சாதாரண வயர் போன் அடித்ததற்கு அதுதான் காரணம். ஃபைபரில் அப்படி எதுவும் வராது. ஓஎன்டி, ரூட்டர், போன் மூன்றுக்கும் வீட்டுக் கரண்ட்தான். கையடக்க டெக்ட் போன் வைத்திருந்தால் அதன் அடித்தட்டும் சுவர் பிளக்கில்தான் இருக்கிறது. ரூட்டருக்குப் பேட்டரி வாங்கிவைத்துவிட்டு அடித்தட்டை மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இணையம் ஓடும், போன் செத்திருக்கும். பழைய வயர் போன் ஒன்றை எறியாமல் வையுங்கள். ரூட்டரின் போன் துளையில் நேரே செருகினால் அதற்குத் தனி மின்சாரம் வேண்டாம்.

எவ்வளவு பேட்டரி வேண்டும் என்பதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். ஓஎன்டி சுமார் 5 வாட், ரூட்டர் சுமார் 10 வாட், மொத்தம் 15. கடைகளில் 12,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட சின்ன டிசி யுபிஎஸ் கிடைக்கும். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களுக்கானது, வெளியே வரும் 12 வோல்ட்டுக்கானது அல்ல. 12 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 44 வாட்-மணி. மாற்றும்போது ஆறில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால் 37 மிஞ்சும். 15-ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரம். 12 வோல்ட் என்று நினைத்துக் கணக்குப் போட்டவர்கள் எட்டு மணி நேரத்தை எதிர்பார்த்து ஏமாறுவார்கள். வாங்கும் முன் ஓஎன்டி, ரூட்டர் இரண்டின் அடாப்டரையும் புரட்டி என்ன வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். எல்லா ரூட்டரும் 12 வோல்ட் இல்லை. முனையின் வெளி விட்டம் பொதுவாக 5.5 மி.மீ., உள் விட்டம் 2.1 அல்லது 2.5 மி.மீ.; 2.1 துளை உள்ள முனை 2.5 ஊசியில் ஏறாது, மாறாகச் செருகினால் தளர்ந்து ஆடும். நடு ஊசி நேர்மின் என்ற குறி இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும்.

போன் நிறுவனங்கள் கரண்ட் போனபின் குறைந்தது 1 மணி நேரமாவது அவசர எண்ணான 999-ஐ அழைக்க ஒரு வழி செய்துதர வேண்டும், லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது ஆஃப்காமின் வழிகாட்டுதல். வீட்டில் மொபைல் சிக்னல் இல்லை என்றாலோ, வயதானவர் மொபைல் வைத்துக்கொள்வதில்லை என்றாலோ அதை வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் 1 மணி நேரம் போதாது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வடக்கு இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் அடித்தபோது சில வீடுகளில் ஒரு வாரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. மொபைலையே முழுதாக நம்பவும் முடியாது. கோபுரங்களுக்கும் மின்சாரம் வேண்டும். வைஃபை வழியாக மட்டுமே மொபைல் எடுக்கும் வீடுகளில் ரூட்டர் அணைந்த கணமே அதுவும் போய்விடும். முதியவர், மருத்துவக் கருவி உள்ளவர், கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் மின் விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைப் பதிவேட்டில் பெயர் கொடுத்துவையுங்கள், கட்டணம் இல்லை. மின்தடைக்கு அழைக்கும் எண் 105.

கழுத்தில் தொங்கும் அவசரப் பொத்தான் வீட்டில் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைக் கவனியுங்கள். அந்தக் கருவி போன் லைனில் ஒலிச் சமிக்ஞைகளை அனுப்பித்தான் உதவி மையத்தோடு பேசுகிறது. டிஜிட்டல் லைனில் அந்த ஒலிகள் சிதையலாம், பொத்தானை அழுத்தியும் யாரும் வராமல் போகலாம். இப்படியான பாரதூரமான சம்பவங்களுக்குப் பிறகுதான் 2023 டிசம்பரில், பாதுகாப்பை உறுதிசெய்யாமல் யாரையும் கட்டாயமாக மாற்றமாட்டோம் என்று பெரிய நிறுவனங்கள் உறுதிமொழி கொடுத்தன. பொத்தான் இருப்பதைப் போன் நிறுவனத்திடமும், லைன் மாறுவதைப் பொத்தான் நிறுவனத்திடமும் சொல்லுங்கள். சிம் கார்டில் இயங்கும் கருவியாக மாற்றித்தரக் கேட்பது நல்லது. மாறிய அன்றே அழுத்திச் சோதியுங்கள்.

எண்ணுக்கு வருவோம். புதிய நிறுவனமே போன் சேவையும் தந்தால் வேலை சுலபம். 2024 செப்டம்பர் முதல் புதிய நிறுவனத்திடம் மட்டும் பேசினால் போதும், பழையதை அவர்களே முடித்துவைப்பார்கள். நீங்களாக அழைத்துப் பழைய லைனை நிறுத்திவிடாதீர்கள். நின்ற லைனின் எண்ணைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. பழைய நிறுவனத்திடமிருந்து வரும் அறிவிப்பில் போன் எண் மாற்றப்படுகிறதா, நிறுத்தப்படுகிறதா என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

புதிய நிறுவனம் இணையம் மட்டும் கொடுத்தால், எண்ணைத் தனியான இணையத் தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே வரிசை தப்பக் கூடாது. செம்பு லைனிலிருந்து எண் வெளியேறினால் அந்த லைனே மூடப்படும், அதில் ஓடும் இணையமும் சேர்ந்து போகும். ஆகவே ஃபைபரைப் புது இணைப்பாக முதலில் போடுங்கள், பழையதைத் தொடாதீர்கள். ஃபைபர் சில நாள் ஒழுங்காக ஓடிய பிறகு எண்ணை மாற்ற விண்ணப்பியுங்கள். எண் போகும் நாளில் பழைய லைன் தானாக முடியும். அதற்குள் பழைய ஒப்பந்தக் காலம் முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முறிவுக் கட்டணம் வரும். விண்ணப்பத்தில் பெயரும் அஞ்சல் குறியீடும் பில்லில் இருப்பது போலவே இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இது தனிப் பிரச்சினை: பில்லில் தகப்பன் பெயர் பின்னால் நிற்கும், பாஸ்போர்ட்டில் முன்னால் நிற்கும், வங்கியில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பில்லைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள்.

இணையத் தொலைபேசிக்குப் பழைய போனை இணைக்க ஒரு மாற்றி வேண்டும். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 போன்ற சின்னப் பெட்டி. ரூட்டரில் ஒரு நெட்வொர்க் கேபிள், மறுபக்கம் போன். அதுவும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பேச முடிகிறது, ஆனால் மணி அடிக்கவில்லை என்றால் போன் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பல பிரித்தானியப் போன்களுக்கு மணிக்கென்று மூன்றாவது கம்பி தேவை. முன்பு சுவரின் மாஸ்டர் சாக்கெட்டுக்குள் இருந்த கெப்பாசிட்டர் அதைக் கொடுத்தது. மணிக் கெப்பாசிட்டர் உள்ள ஆர்ஜே11 அடாப்டரைக் கேட்டு வாங்கினால் மணி அடிக்கும். அழைப்பு சரியாக 32 விநாடியில் அறுந்தாலோ, ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டாலோ, ரூட்டர் அமைப்பில் இணைய அழைப்புகளில் குறுக்கிடும் சிப் ஏஎல்ஜி (SIP ALG) என்பதைத் தேடி அணையுங்கள். காலிங் கார்டு பாவிப்பவர்களுக்கு ரகசிய எண் (PIN) தவறு என்று மீண்டும் மீண்டும் வந்தால், மாற்றியில், அழுத்தும் எண்களின் ஒலியை அனுப்பும் டிடிஎம்எஃப் (DTMF) அமைப்பை ஆர்எஃப்சி 2833 (RFC 2833) என்று மாற்றுங்கள். சேவை தொடங்கிய அன்றே 999-க்கான முகவரியைப் பதிந்துவிடுங்கள். அவசர அழைப்பில் பேச முடியாமல் போனால் ஆம்புலன்ஸ் போவது பதிந்த முகவரிக்குத்தான்.

மாடியிலும் சமையலறையிலும் இருக்கும் பழைய சுவர் சாக்கெட்டுகள் இதற்குப் பிறகு ஊமை. ஒரு அடித்தட்டோடு மூன்று கையடக்கப் போன்கள் வரும் டெக்ட் செட் வாங்குவது மலிவான வழி. ரூட்டரின் போன் துளையிலிருந்து சுவர் வயரிங்குக்குக் கொடுக்கவும் முடியும். அதற்கு முன் வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பியை மாஸ்டர் சாக்கெட்டிலிருந்து முழுதாகப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் கொடுத்தால் அந்த 50 வோல்ட் ரூட்டருக்குள் போய் அதன் போன் துளையைக் கெடுக்கும்.

பொருத்த வருபவர் ஓஎன்டியை எங்கே வைக்கலாம் என்று கேட்பார். கதவருகே வசதியாக இருக்கிறதே என்று மீட்டர் அலமாரிக்குள் வைக்கச் சொல்லாதீர்கள். ஓஎன்டி, ரூட்டர், யுபிஎஸ், வயர் போன் நான்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் இரட்டைப் பிளக் பாயிண்ட் வேண்டும். அம்மம்மா இருட்டில் தடவிக்கொண்டே போய்ச் சேரக்கூடிய இடமாகவும் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த ஒரு பகல் வேளையில் மெயின் சுவிட்சை இறக்குங்கள். வயர் போனை எடுத்து டயல் டோன் கேட்கிறதா என்று பாருங்கள். உங்கள் மொபைலுக்கு அழையுங்கள், மொபைலிலிருந்து வீட்டுக்கும் அழையுங்கள். சோதனைக்கு 999-ஐ அழுத்தாதீர்கள். பேட்டரி எத்தனை மணி நேரத்தில் தீர்ந்தது என்று குறித்து, தேதியோடு யுபிஎஸ்ஸின் மேல் ஒட்டுங்கள். அடுத்த வருடம் அதே சோதனையில் நேரம் பாதியாகக் குறைந்திருந்தால் குளிர்காலத்துக்கு முன் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.