வீடு வராத மேடைகள்: நெவாடா பாலைவனத்தை வானிலிருந்து படமெடுப்பது

லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்கில் பாதியில் நின்றுபோன சொகுசுக் குடியிருப்புகளைப் படமெடுக்கப் போகிறவர்கள் முதலில் செய்யும் தவறு ஒன்று உண்டு. ட்ரோனை நேர் உச்சியில் நிறுத்தி, செங்குத்தாகக் கீழே பார்த்து எடுப்பார்கள். திரையில் சாலை வளைவுகள் கோலம் போட்டாற்போல் விழும், படமும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் தோல்வி தெரியாது.

காரணம் எளிது. இங்கே எதுவும் இடிந்து விழவில்லை. ஒரு சாதாரண மனையில் பெரிய செலவு வீட்டுக்கு. மலைச்சரிவுச் சொகுசு மனையிலோ, வீடு கட்டுவதற்கு முன்பே பணம் மண்ணுக்குள் போய்விடுகிறது: பாறையை வெடி வைத்துத் தகர்ப்பது, படிப்படியாக மேடை அமைப்பது, தாங்கு சுவர் எழுப்புவது, சாலையும் விளிம்புக்கல்லும் போட்டு அதற்கடியில் குழாய்களைப் புதைப்பது. லாஸ் வேகாஸை ஒட்டிய ஹெண்டர்சன் நகரின் தெற்கே, கறுப்பு மலைச் சரிவில் இருக்கும் அஸ்காயாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அதன் பெயர் கிரிஸ்டல் ரிட்ஜ். 300-க்கும் மேற்பட்ட மனைகளுக்கு மலையை வெட்டி மேடை போட்டார்கள். 2006-ல் உச்சத்தில் இருந்த லாஸ் வேகாஸ் வீட்டு விலை 2012-க்குள் 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மேடைகள் பல ஆண்டுகள் வீடில்லாமல் வெயிலில் கிடந்தன. ஆக, படத்தில் வரவேண்டியது உயரம்: மேடையின் உயரம், சுவரின் உயரம், விளிம்புக்கல்லின் உயரம். உயரத்தைக் காட்ட வழி இரண்டுதான், சாய்ந்த கோணமும் நிழலும்.

நிழலைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சாலை விளிம்புக்கல் சுமார் 15 செ.மீ. உயரம். சூரியன் தொடுவானத்துக்கு மேல் 10 பாகையில் இருந்தால் அதன் நிழல் 85 செ.மீ. நீளும். ஒரு அங்குல சென்சாரும் 20 மெகாபிக்சலும் கொண்ட ட்ரோன் 120 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்த்தால் ஒரு பிக்சல் தரையில் 3.3 செ.மீ. அந்த நிழல் 25 பிக்சலுக்கு மேல் அகலமான கறுப்புக் கோடாக விழும். அதே கல், ஜூன் மாத உச்சி வேளையில்? சூரியன் 77 பாகையில் நிற்கும்; நிழல் 3.4 செ.மீ., அதாவது ஒரே ஒரு பிக்சல். அதே கேமராவில், அதே உயரத்திலிருந்து எடுத்தாலும் சாலையின் ஓரம் காணாமல் போய்விடும். கூடுதல் மெகாபிக்சலுக்குச் செலவழிப்பதைவிட அலாரத்தை முன்னதாக வைப்பது லாபம்.

பயன்படும் நேரம் குறுகியது. 36 பாகை அட்சரேகையில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் மணிக்கு ஏறத்தாழ 12 பாகை ஏறும். 5 பாகையிலிருந்து 20 பாகை வரை என்று வைத்தால் கையில் இருப்பது 75 நிமிடம். டிசம்பரில் ஏற்றம் கொஞ்சம் மெதுவாக இருக்கும். உச்சி வேளையிலேயே சூரியன் 30 பாகைக்குச் சற்று மேல்தான் ஏறும் என்பதால் நாள் முழுவதும் ஓரளவு நிழல் கிடைக்கும். குளிர்காலமே சிறந்தது என்று பலர் எழுதுவது இதனால்தான்.

சமதளத்துக்கு அது சரி. மலைச்சரிவுக்குப் பொருந்தாது. இங்கே மனையின் விலையை நிர்ணயிப்பது காட்சி. காட்சி என்றால் சூதாட்ட விடுதிகள் நிற்கும் ஸ்ட்ரிப் சாலையின் விளக்குகள். ஹெண்டர்சன் மலைகளிலிருந்து அது வடமேற்கே இருக்கிறது. ஆகவே விலை கூடிய மேடைகள் வடக்கும் வடமேற்கும் பார்த்த சரிவில் இருக்கும். டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் விழுவதால் செங்குத்தான வடசரிவு பெரும்பாலும் மலையின் சொந்த நிழலிலேயே கிடக்கும். போய் நின்றால் நீலம் பாய்ந்த தட்டையான படம்தான் மிஞ்சும். மே கடைசியிலும் ஜூனிலும் சூரியன் (வடக்கைப் பூஜ்யமாக வைத்து வலஞ்சுழியாக எண்ணினால்) ஏறத்தாழ 60 பாகை திசையில் எழுந்து 300 பாகையில் மறைகிறது. மாலையில் வடமேற்குச் சரிவின் ஒவ்வொரு படியும் வெட்டி வைத்ததுபோல் எழுந்து நிற்பது அப்போதுதான். அதற்கான விலை, மாலைக் காற்றும் வெப்பச் சுழலும். ஜூலை வந்துவிட்டால் பருவமழை மேகங்கள் பிற்பகல்களைக் கெடுக்கும்.

சூரியன் பக்கவாட்டில் இருக்கட்டும். பார்வைத் திசைக்கு 60 முதல் 120 பாகைக்குள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால், உங்கள் நிழல் விழும் இடத்தைச் சுற்றி ஒரு வெளிறிய வட்டம் தோன்றும். அங்கே ஒவ்வொரு கல்லும் தன் நிழலைத் தானே மறைத்துக்கொள்வதால் தரை சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும், எடிட்டிங்கில் மீட்க முடியாது. சூரியனுக்கு எதிராக எடுத்தால் தார்ச்சாலை வெள்ளிபோல் மின்னும். ஒன்றிரண்டு படத்துக்கு நன்றாக இருக்கும், அதற்கு மேல் சலிக்கும். கேமராவைத் தொடுவானத்திலிருந்து 30 முதல் 40 பாகை கீழே சாய்த்தால் மேடை, சுவர், அடுத்த மேடை என்று அடுக்கு தெரியும்.

இனி ட்ரோன். மலைச்சரிவில் ட்ரோனின் உயர அளவு உங்களை ஏமாற்றும். திரையில் காட்டுவது கிளம்பிய இடத்திலிருந்து உள்ள உயரம். அமெரிக்க விதி கேட்பது அந்தந்த இடத்துத் தரையிலிருந்து 400 அடி. மேல் மேடையிலிருந்து ஏற்றி 300 அடியில் பள்ளத்தாக்குப் பக்கம் நகர்த்தினால், கீழே தரை இறங்கிக்கொண்டே போகும், திரை 300 என்றே காட்டும், நீங்கள் விதியை எப்போதோ மீறியிருப்பீர்கள். கட்டடத்துக்கு மேல் கூடுதலாக 400 அடி போகலாம் என்ற சலுகை மலைக்குக் கிடையாது. கீழிருந்து ஏற்றினால் வேறு ஆபத்து: சிக்னல் போனால் தானாகத் திரும்பும் உயரமும் கிளம்பிய இடத்திலிருந்தே கணக்கு. 60 மீட்டர் என்று விட்டுவைத்தால் திரும்பி வரும் வழியில் நடுவே நிற்கும் மேட்டில் மோதும். பறக்கும் பகுதியில் உள்ள மிக உயர்ந்த மேடைக்கு மேல் 30 மீட்டர் இருக்கும்படி வையுங்கள். அது 400 அடி விதிக்குள் அடங்காவிட்டால் கிளம்பும் இடத்தை மாற்றுங்கள்.

காலி கான்கிரீட் தளத்திலிருந்து ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கும் கம்பி திசைகாட்டியைக் குழப்பும். மேன்ஹோல் மூடிக்குப் பக்கத்திலும் அதே கதை. ஏறியதும் ட்ரோன் வட்டமடித்து நழுவினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். வெறும் மண்ணிலிருந்தும் வேண்டாம், இறக்கைக் காற்றில் எழும் புழுதி, கேமராவைத் தாங்கும் கிம்பலின் மோட்டாருக்குள் புகும். மடக்கு விரிப்பு ஒன்று போதும், ஓரங்களில் கல் வையுங்கள். பல ட்ரோன்களுக்கு உற்பத்தியாளர் சொல்லும் வெப்ப வரம்பு 40 டிகிரி. கோடையில் நிறுத்தி வைத்த காருக்குள் பேட்டரி அதை எளிதில் தாண்டிவிடும். காலை பத்து, பதினொரு மணிக்கு மேல் தரை சுட ஆரம்பித்ததும் தூசிச் சுழல்கள் கிளம்பும். அதற்கு முன்பே கானல் அலை வந்துவிடும்; நீள லென்ஸில் எடுத்த படம் எல்லாம் சற்றே குழைந்திருக்கும். ஃபோகஸ் தவறு என்று நினைத்து லென்ஸைக் குறை சொல்வார்கள்.

அனுமதி விஷயத்தில் சோம்பல் கூடாது. படத்தை விற்கவோ தொழிலுக்கோ பயன்படுத்துவதானால் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-யின் 107-ம் பகுதிச் சான்றிதழ் வேண்டும். பள்ளத்தாக்கின் மேல் ஹாரி ரீட் விமான நிலையத்தின் பி வகுப்பு வான்வெளி, ஹெண்டர்சன் எக்ஸிக்யூட்டிவ் நிலையத்தைச் சுற்றி டி வகுப்பு. இவற்றுக்குள் பறக்க, லான்ஸ் என்ற தானியங்கி முறையில் செல்போனிலேயே அனுமதி கேட்கலாம். வரைபடத்தில் கட்டத்துக்குக் கட்டம் உயர வரம்பு மாறும், சில கட்டங்களில் அது பூஜ்யம். செயற்கை ஏரியைச் சுற்றி அமைந்த சொகுசுக் குடியிருப்பான லேக் லாஸ் வேகாஸை எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அதை ஒட்டியே லேக் மீட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி. தேசியப் பூங்காச் சேவையின் நிலத்தில் 2014 முதல் ட்ரோனுக்குத் தடை. ஏற்றுவதும் இறக்குவதும் பொதுச்சாலை ஓரத்தில் இருக்கட்டும். வாயிற்கதவுக்குள் சாலை காலியாக இருந்தாலும் அது தனியார் நிலம். நெவாடா சட்டப்படி, ஒருமுறை 250 அடிக்குக் கீழே பறந்து, நில உரிமையாளர் வேண்டாம் என்று சொன்ன பிறகு மீண்டும் அப்படிப் பறந்தால் வழக்குப் போடலாம். நாற்பது காலி மனைக்கு நடுவே ஒரு குடும்பம் இருக்கும். அவர்கள் நீச்சல் குளத்தின் மேல் தொங்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

முழு லேஅவுட்டும் பள்ளத்தாக்கோடு சேர்ந்து ஒரே சட்டத்தில் வேண்டுமென்றால் ட்ரோன் போதாது, சிறு விமானமோ ஹெலிகாப்டரோ வேண்டும். செஸ்னா 172-ல் ஜன்னலைத் தடுக்கும் சிறு கையின் திருகைக் கழற்றிவிட்டால் பறக்கும்போது காற்றே ஜன்னலை இறக்கையின் அடியில் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கழற்றுவதை விமானக்காரர் செய்யட்டும். இறக்கைத் தாங்கிக்கும் சக்கரத்துக்கும் நடுவே கிடைக்கும் முக்கோணம்தான் உங்கள் படச்சட்டம். முழுச் சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 50 முதல் 85 மி.மீ. சரியாக வரும், 35-க்குக் கீழே போனால் தாங்கி உள்ளே வரும், 135-க்கு மேல் அதிர்வு வெல்லும். லென்ஸ் ஹூடைக் கழற்றிவிடுங்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போகும். லென்ஸ் முனை ஜன்னல் கோட்டைத் தாண்டக்கூடாது. முழங்கையை ஜன்னல் சட்டத்தில் ஊன்றினால் எஞ்சினின் நடுக்கம் நேராகக் கேமராவுக்கு வரும். உடம்பே அதிர்வுத் தாங்கி.

எழுபது நாட் வேகத்தில் விமானம் நொடிக்கு 36 மீட்டர் நகர்கிறது. 1/1000 நொடியில் 3.6 செ.மீ. 500 மீட்டர் தொலைவில், 50 மி.மீ. லென்ஸும் 45 மெகாபிக்சலும் என்றால் ஒரு பிக்சல் 4.4 செ.மீ. ஆக நகர்வால் மட்டும் கெடாது. அதிர்வையும் சேர்த்தால் 1/2000 பாதுகாப்பு. தொலைதூரத்தில் ஃபோகஸ் பிடித்து, கைமுறைக்கு மாற்றி, வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். குடியிருப்புப் பகுதிக்கு மேல் விமானம் அருகிலுள்ள உயர்ந்த தடையிலிருந்து 1,000 அடி மேலே இருக்க வேண்டும். ஹெலிகாப்டருக்குச் சலுகை உண்டு. ராபின்சன் ஆர்44-ல் கதவு இல்லாமல் 100 நாட் வேகத்தைத் தாண்டக்கூடாது. அதில் போகிறவர் அணியும் கூடுதல் சேணம் (உடலைக் கட்டும் பாதுகாப்புப் பட்டை) ஒரே இழுப்பில் கழலக்கூடியதா என்று தரையிலேயே சோதிக்க வேண்டும். 2018-ல் நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில் விழுந்த ஹெலிகாப்டரில் பயணிகள் சேணத்திலிருந்து விடுபட முடியாமல் மூழ்கினார்கள். கோடைப் பிற்பகலில் ஹெண்டர்சன் ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து பெயருக்குத்தான் 2,500 அடி உயரம். 40 டிகிரியில் காற்று மெலிந்து, விமானம் உணர்வது 6,000 அடி. எரிபொருளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பைலட் சொன்னால் வாதாடாதீர்கள்.

நிறத்துக்கு வருவோம். கறுப்பு மலை எரிமலைப் பாறை. அதன்மேல் இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த மெல்லிய கருந்தோல் படிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். வெடி வைத்த நாளில் அது போய்விடுகிறது. வெட்டிய இடம் வெளிறிய வடுவாக நிற்பதும், அது மனித ஆயுளுக்குள் ஆறாததும் இதனால்தான். மோஹாவி பாலைவனத்தின் வேறு பக்கத்தில், 1958-ல் திட்டமிட்ட கலிஃபோர்னியா சிட்டியின் காலித் தெருக்கள் இன்னும் வானிலிருந்து தெளிவாகத் தெரிகின்றன. அது சொகுசு அல்ல, ஆனால் கோடு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குச் சாட்சி. வெளிறிய மேடையும் கரும்பாறையும் ஒரே சட்டத்தில் வரும்போது தானியங்கி ஒளி அளவீடு மேடையை எரித்துவிடும். மேடைக்கு அளவெடுங்கள், ரா கோப்பாக எடுங்கள், வெண்சமநிலையை 5500 கெல்வினில் பூட்டுங்கள். இல்லையென்றால் படத்துக்குப் படம் மண்ணின் நிறம் மாறும்.

எதைத் தேடுவது? தார்ச்சாலைக்கு மேல் துருத்தி நிற்கும் மேன்ஹோல் வளையங்கள்: கடைசி அடுக்குத் தார் போடவில்லை என்று அர்த்தம். மேடை ஓரத்தில் மழை அரித்த சிறு ஓடைகள்: ஓரிரண்டு என்றால் புதிது, கையை விரித்ததுபோல் கிளைத்திருந்தால் பல பருவம் கடந்தது. சுவரோரம் வரிசையாக ஒதுங்கிய டம்பிள்வீட், காய்ந்து காற்றில் உருளும் களை. கிளறிய மண்ணில் முதலில் வருவது அதுதான். இந்தப் பாலைவனத்துக்கே உரிய கிரியோசோட் புதர் திரும்ப வர மிக நீண்ட காலமாகும். கைவிட்ட கோல்ஃப் மைதானம் தனி ரகம். புல் செத்த பிறகும் தெளிப்பான்களின் வட்டத் தடமும் மணற்குழிகளின் விளிம்பும் சாய்ந்த ஒளியில் மேலே வரும்.

இடம் கண்டுபிடிக்கப் பறக்க வேண்டியதில்லை. கிளார்க் கவுண்டி மதிப்பீட்டாளர் அலுவலகத்தின் மனை வரைபடம் இணையத்தில் பொதுவில் இருக்கிறது. அடுத்தடுத்த அறுபது மனைக்கும் ஒரே கம்பெனி அல்லது ஒரு வங்கி உரிமையாளர் என்றால் அங்கே போகலாம். அமெரிக்க விவசாயத் துறையின் என்ஏஐபி வான்படங்கள் 2003 முதல் இலவசம். இரண்டு ஆண்டுப் படங்களை அருகருகே வைத்தால் வேலை எப்போது நின்றது என்று தெரியும்.

தேதி இல்லாமல் படத்தை வெளியிடாதீர்கள். லேக் லாஸ் வேகாஸ் 320 ஏக்கர் செயற்கை ஏரி. லாஸ் வேகாஸ் வாஷ் ஓடை அதற்கு அடியில் குழாய்களில் போகிறது. 2008 ஜூலையில் திவால் மனு, 2010 மே மாதம் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல் மூடல். மூன்று கோல்ஃப் மைதானங்களில் இரண்டு மூடப்பட்டன. அவற்றில் ரிஃப்ளெக்ஷன் பே 2014-ல் மீண்டும் திறந்தது. அஸ்காயாவிலும் இப்போது வீடுகள் நிற்கின்றன. 2010-ல் எடுத்த படத்துக்கு இன்று 'தோற்றுப்போன குடியிருப்பு' என்று மட்டும் தலைப்பு வைத்தால் அங்கே குடியிருப்பவர் கோபப்படுவது நியாயம். எடுத்த நாள், நேரம், பார்த்த திசை, அன்று எத்தனை மனையில் வீடு இருந்தது: தலைப்பு வரியில் இந்த நான்கையும் எழுதுங்கள். கடைசி எண்ணைத் தரையிலிருந்து எண்ணாதீர்கள், படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிக் கூரைகளை எண்ணுங்கள். மாதிரி வீட்டைத் தனியாகக் குறியுங்கள், அதில் யாரும் குடியிருப்பதில்லை.