எட்டு போட ஒரு குரூஸர்

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு

கியர் வண்டி வாங்குவது என்று முடிவாகிவிட்டது. அதுவும் குரூஸர், தாழ்ந்த சீட்டில் காலை முன்னால் நீட்டி ஓட்டுகிற நீள வண்டி. அம்மாவிடம் சொன்னேன். "ஏட்டி, இருக்க ஸ்கூட்டிக்கு என்ன கொள்ள?" என்றாள். ஸ்கூட்டிக்கு ஒரு கேடும் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் போய்வர அதைவிடத் தோதான வண்டி கிடையாது. பாபநாசம், குற்றாலம் என்று கிளம்பினால்தான் அந்த 10 அங்குலப் பின்சக்கரம் ஒரு குழியைக்கூட விடாமல் இடுப்பில் கணக்கு எழுதுகிறது.

குரூஸர் மேல் கண் போனதற்கு ஸ்டைல் ஒரு காரணம், மறைக்கவில்லை. பெரிய காரணம் என் உயரம், ஐந்தடி ஒரு அங்குலம். ராத்திரி உட்கார்ந்து சீட் உயரங்களைக் குறித்தேன். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்கு 805 மில்லிமீட்டர். ஹோண்டா ஹைனெஸ் 800. டிவிஎஸ் ரோனின் 795. ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350க்கு 765. பஜாஜ் அவெஞ்சருக்கு 737. மேலே உள்ள மூன்றையும் பார்த்ததுமே என் கட்டைவிரல் வலித்தது. மிச்சம் இரண்டு.

வரி வேறு குறைகிறது. வரும் 22ஆம் தேதியிலிருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிறது. அதைத் தாண்டினால் 40. மீட்டியாரின் இன்ஜின் 349 சிசி. ஒரே ஒரு சிசியில் தப்பிய புண்ணியவான்.

செப்டம்பர் 20, சனி

ராயல் என்ஃபீல்டு ஷோரூம். மீட்டியாரில் ஏறி உட்கார்ந்தேன். நல்ல அகல சீட், கை தானாகப் போய் ஹேண்டிலில் விழுகிறது, முதுகு நிமிர்ந்து இருக்கிறது. கால் எட்டுகிறது, ஆனால் காகிதத்தில் கணக்குப் போட்ட மாதிரி இல்லை. சீட் அகலமாக இருந்தால் தொடை விரிகிறது, விரிந்த கால் நீளத்தில் குறைகிறது. ஆகவே முன்பாதம் பதிந்தது, குதிகால் பதியவில்லை. சீட் உயரத்தை மட்டும் பார்த்து வண்டி தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இரண்டு வண்டிக்கு ஒரே உயரம் போட்டிருந்தாலும் ஒன்றில் கால் பதியும், இன்னொன்றில் பதியாது.

பிறகு சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தச் சொன்னார் அங்கிருந்த பையன். 191 கிலோ. நிமிர்ந்தது. பின்னால் தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டேன். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டு வாசலை அவன் பார்த்ததில்லை. தெருவைவிட முற்றம் ஓரடி மேடு, நடுவில் ஒரு சரிவுப் பலகை, அதில்தான் தினமும் காலையில் வண்டி பின்னோக்கி இறங்க வேண்டும், சாயங்காலம் ஏற வேண்டும்.

சென்னையிலிருந்து தம்பி போன். "அக்கா, யோசிக்கவே யோசிக்காத, மீட்டியார் எடு. விக்கிறப்ப நல்ல வில போகும்." வாங்கவே இல்லை, அதற்குள் விற்கிறான்.

செப்டம்பர் 24, புதன்

எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ், வந்துவிட்டது. என்னிடம் இருந்தது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் மட்டும். ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்களில் பலரிடமும் அதுதான் இருக்கும், கார்டைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. கியர் வண்டிக்குத் தனியாக எல்எல்ஆர் எடுத்து, 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் தேர்வுக்கு, எட்டு வடிவத்தில் ஓட்டிக்காட்ட, அதாவது எட்டு போடப் போகலாம். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லுபடியாகும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அவெஞ்சர் பார்த்தாயிற்று. 160 ஸ்ட்ரீட், 220 குரூஸ் இரண்டுக்கும் சீட் உயரம் ஒன்றே. உட்கார்ந்தேன், இரண்டு குதிகாலும் தரையில். இதற்கு மேல் என்ன சொல்ல.

சொல்ல நிறைய இருக்கிறது. பாதம் வைக்கிற இடம் முன்னால் தள்ளி இருக்கிறது. சாதாரண பைக்கில் வேகத்தடை வந்தால் பாதத்தில் ஊன்றி இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். இதில் முடியாது. கால் முன்னால் நீட்டி இருக்கும்போது எழ வழியில்லை, இடி நேராக முதுகெலும்பில் இறங்கும். குரூஸர் என்றால் சோபா என்று நினைக்கிறவர்கள் நம் ஊர் வேகத்தடைகளில் ஒரு நாள் ஓட்டட்டும்.

160 அல்ல, எடுத்தால் 220 என்று தோன்றியது. 160க்கு 15 குதிரைத்திறன், 220க்கு 19. எடை 156, 163. ஏழு கிலோ கூடுதலுக்கு அந்த நான்கு குதிரைகளை விட மனமில்லை. பின்னால் அம்மா உட்காருவாள், மலை ஏற வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் வண்டிக்கும் சேர்த்துப் பொட்டு வைத்தேன். அவரிடம் இருப்பது பழைய அவெஞ்சர் 220. இந்த வண்டியின் மூதாதை 2001ல் வந்த கவாசாகி பஜாஜ் எலிமினேட்டர், 175 சிசி, அப்போது அந்த விலைக்கு யார் வாங்குவார் என்று சிரித்தார்களாம். 2005ல் அதையே 180 சிசி அவெஞ்சராக விலை குறைத்துக் கொண்டுவந்தார்கள், பிடித்துக்கொண்டது. சுண்டல் ஆறும் வரை பேசினார். "ஓட்டிப் பழகணும்னா இத எடுத்துக்கம்மா" என்றார் கடைசியில். அதற்காகத்தான் சுண்டலே கொண்டு போயிருந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ரெட்டியார்பட்டி பக்கம் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் காடு. காலை ஆறு மணி. முன்னும் பின்னும் எல் ஸ்டிக்கர்.

கிளட்சும் கியரும் கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அது ஒரு காலைப்பொழுது வேலை. கஷ்டம் வேறிடத்தில். ஸ்கூட்டியில் இரண்டு பிரேக்கும் கையில் இருக்கும், இடது கை பின் பிரேக். பைக்கில் இடது கை கிளட்ச், பின் பிரேக் வலது காலில். ஒரு நாய் குறுக்கே வந்தது. இடது கை இறுகியது. வருடக்கணக்கில் ஸ்கூட்டி கற்றுக்கொடுத்த பாடம். கிளட்ச் பிடித்த வண்டியோ இன்ஜினின் பிடி விட்டுப்போய் இன்னும் லேசாக ஓடியது! நாய் தன் பாட்டுக்கு விலகிக்கொண்டது. "நாய்க்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் அண்ணாச்சி.

ஸ்கூட்டியிலிருந்து கியருக்கு மாறுகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: கியர் மாற்றுவதைப் பிறகு பழகலாம். முதலில் முதல் கியரில் மெதுவாகப் போய், வலது காலையும் வலது கையையும் சேர்த்து அழுத்தி நிறுத்துவதை, யோசிக்காமல் வரும் வரை செய்யுங்கள். குரூஸரில் பெடல் முன்னால் இருப்பதால் கால் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அது பழக இன்னும் கொஞ்சம் நாளாகும்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று எட்டு. செங்கல் வைத்து அடையாளம் போட்டார் அண்ணாச்சி. நேர்ரோட்டில் அரசன் மாதிரி போகிற வண்டி, வளைவில் முரண்டு பிடிக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சாய்வாக வெளியே நீட்டி இருப்பதால் மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில் ஓரளவுக்கு மேல் தானாகவே உள்ளே மடிந்து விழப் பார்க்கிறது. சக்கரங்களுக்கு இடையே தூரமும் அதிகம், அவெஞ்சரில் 1490 மில்லிமீட்டர். மீட்டியாரில் 1400. ஒன்பது சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், வளைத்துப் பார்த்தால் தெரியும்.

"ஹேண்டில் திரும்பி இருக்கப்ப முன் பிரேக்கத் தொட்டுராத, தங்கச்சி. தொட்டா கீழ கெடப்ப" என்றார். பாதி கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்டு, இன்ஜினை இழுக்கவிட்டு, பின் பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே போனால் வண்டி தடுமாறாமல் உருளுகிறது. ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். இங்கேதான் மீட்டியாரை நினைத்தேன். அதற்கு நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, சக்கரத்தைச் சுழற்றும் பலம். அவெஞ்சர் தன் 17.55ஐக் காட்ட 7000 வரை போக வேண்டும். கிளட்சை அவசரமாக விட்டால் பெரிய இன்ஜின் மன்னிக்கும், சின்னது பொசுக்கென்று அணைந்துவிடும்.

அக்டோபர் 18, சனி

மழை பிடித்துவிட்டது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனவர்கள் எல்லோரும் நனைந்துதான் திரும்பினார்கள். பயிற்சி இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) பற்றித் தம்பியோடு சண்டை. மீட்டியாரில் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். அவெஞ்சரில் முன்சக்கரத்துக்கு மட்டும். ஈர ரோட்டில் பயந்துபோய்ப் பின் பெடலை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியின் வால் பக்கவாட்டில் போகும். "புதுசா ஓட்டுற ஒனக்குத்தானக்கா அது வேணும்?" என்றான். அவன் சொல்வது சரி, பதிலே இல்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 1, சனி

இன்று மறுபடி மீட்டியார். ஷோரூம் பையன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போனேன். எல்எல்ஆர்காரிக்கு ஓட்டக் கொடுக்கமாட்டார்கள், கொடுக்காததும் நியாயம். அருமையான வண்டி. 19 அங்குல முன்சக்கரம் குழிகளை விழுங்கிவிட்டுப் போகிறது. இந்த வருடப் புது மாடலில் கிளட்சும் லேசாகியிருக்கிறது. சாலையில் எது நல்ல வண்டி என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு என் தொல்லை தாங்காமல் அவனே வண்டியை வீட்டு வாசல் வரை கொண்டுவந்தான். சரிவுப் பலகையில் நான் இறக்கினேன். பாதியில் அவன் கேரியரைப் பிடித்துக்கொண்டான். ஏற்றும்போது இரண்டு பேரும்.

ஓடுகிற வண்டிக்கு எடை கிடையாது. நிற்கும்போதும், தள்ளும்போதும், குறுகலான தெருவில் திருப்பும்போதும்தான் எடை. புதிதாக ஓட்டுகிறவள் முதல் வருடம் அதிகம் செய்யப்போவது இந்த மூன்றையும்தான், நெடுஞ்சாலையில் 90ல் போவதை அல்ல. 28 கிலோ வித்தியாசம் ஓர் அரிசிச் சிப்பத்தைவிடக் கூட. மீட்டியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடில்லாத வீட்டில், ஓரிரு அங்குலம் கூடுதல் உயரத்தில் இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

விலை கேட்கப் போன ஓர் இடத்தில் கொட்டேஷனில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு தொகை. யார் எதைக் கையாண்டார்கள் என்று கேட்டேன், மேலாளரைக் கூப்பிட்டார்கள், தொகை மறைந்தது. ஷோரூம் விலைக்கு மேல் கட்டாயம் என்று இருப்பவை சாலை வரி (1 லட்சத்தைத் தாண்டினால் 12 சதவீதம்), பதிவுக் கட்டணம், 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு. சொந்த வண்டிக்கான காப்பீடு நாம் வேண்டுமென்றால்தான். சீட் கவர், பாலிஷ், நான்கு வகை கார்டு எல்லாம் நாம் கேட்டால்தான். கிராஷ் கார்டு மட்டும் நானே கேட்டு வாங்கினேன். வண்டி சாய்ந்தால் காலுக்கும் டாங்குக்கும் இடம் விடும்.

அவெஞ்சர் 220 குரூஸ். முன்பணம் கட்டியாயிற்று. ஏபிஎஸ் விஷயத்தில் தம்பி இன்னும் பேசவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

வண்டி வந்தது. எலுமிச்சம்பழம், சூடம், எல்லாம் ஆயிற்று. பின்சீட்டில் முதுகு சாய ஒரு திண்டு இருக்கிறதே, அம்மாவுக்கு வசதியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அம்மா ஒருச்சாய்த்து உட்காருகிறவள். திண்டு அவள் விலாவில் குத்தியது. "இது யாருக்குட்டி வச்சிருக்கான்?" என்றாள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரு என்றதற்கு, இந்த வயசிலா என்ற பார்வை. பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் காக்கும் சேலை கார்டை மட்டும் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டாள். சட்டப்படி எல்லா பைக்கிலும் அது இருக்க வேண்டும், பையன்கள் வாங்கின மறுநாளே கழற்றிவிடுகிறார்கள்.

பலகையில் நானே ஏற்றினேன். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

டிசம்பர் 9, செவ்வாய்

எட்டு போட்டாயிற்று, பாஸ்.

வரிசையில் எனக்கு முன்னால் எல்லோரும் ஸ்பிளெண்டர், பேஷன் என்று சின்ன வண்டிகள். டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவர், "மேடம், இதுல எட்டு சிரமம், நம்ம வண்டியக் குடுக்கேன்" என்றார். நியாயமான பேச்சு. நீளமான வண்டியில் எட்டு போடுவது வீம்பு, வாடகைக்கு ஸ்பிளெண்டர் எடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்குப் பாதி கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று இந்த வண்டியில்தான் தெரியும். தேர்வு எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். "கால் ஊனக்கூடாது, தெரியும்லா?" என்றார். கால் ஊன்ற வசதியான வண்டியாகப் பார்த்து வாங்கியவளிடம்!

முதல் கியர், பாதி கிளட்ச், வலது காலால் லேசாகப் பின் பிரேக். இரண்டாவது வளையத்தில் ஹேண்டில் மடியப் பார்த்தது, கிளட்சை ஒரு நூல் விட்டேன், நிமிர்ந்தது. அவர் நோட்டில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் அண்ணாச்சிக்கு அல்வா. தம்பி போனில், "சரி, மழையில மட்டும் பின் பிரேக்க மிதிக்காத" என்றான். சமாதானம் ஆகிவிட்டான் என்று அர்த்தம். சனிக்கிழமை முதல் சர்வீஸ். அதற்கு முன்னால் அந்தப் பின் திண்டைக் கழற்றித் தருவார்களா என்று கேட்டுவைக்கச் சொல்லியிருக்கிறாள் அம்மா, அவளுக்குப் பாபநாசம் போக வேண்டுமாம்.