தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு கவுன்சிலிங்

ஜூன் 11, புதன்

என்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கான ரேண்டம் நம்பர் இன்றைக்கு வந்தது. பத்து இலக்கம். கட்-ஆஃப், கணக்கு மார்க், இயற்பியல் மார்க், பிறந்த தேதி வரைக்கும் எல்லாமே இரண்டு பேருக்கு ஒன்றாக இருந்தால் மட்டும்தான் இந்த எண்ணைப் பார்ப்பார்கள் என்று அம்மாவுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டேன். அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்து எண்ணையும் கூட்டி எட்டு வருகிறது என்று முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாள். எட்டு ஆகாதாம். என் கட்-ஆஃப் 181, அதைப் பற்றிக் கவலைப்பட்டாலாவது ஒரு நியாயம் இருக்கிறது.

கணக்கில் 93, இயற்பியல் 87, வேதியியல் 89. பின்னதிரண்டையும் பாதியாக்கிக் கணக்கோடு கூட்ட வேண்டும். 43.5, 44.5, 93. மே மாதத்திலிருந்து இதைக் கூட்டிக்கொண்டே இருக்கிறேன், கூடுவேனா என்கிறது.

ஜூன் 16, திங்கள்

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக மறுபடியும் அலைந்தேன். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் டிகிரி வாங்கவில்லை என்று அரசாங்கத்துக்குக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை நிரூபிக்கத்தான் எத்தனை ஜெராக்ஸ்! போன தடவை அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று நடை, மூன்று நாள் தறிக்கூலி போச்சு என்று அப்பா சொல்லவில்லை, ஆனால் வண்டியை ஸ்டாண்டு போட்ட விதத்தில் தெரிந்தது.

தோழி ஒருத்தி அரசுப் பள்ளி, அவளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, ஃபீஸும் அரசாங்கமே கட்டிவிடும். நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. உதவி பெற்றது பள்ளிதான், எனக்கு அதில் எதுவும் கிடையாது. பொறாமை இல்லை என்று எழுதினால் பொய்.

ஜூன் 22, ஞாயிறு

ஏழாம் தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தீர்ந்துபோய்ப் புதுப் பாவு ஏறியது. பிணைக்க வருகிற அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். பழைய பாவின் நுனி ஒரு கையில், புதுப் பாவின் நுனி இன்னொரு கையில், விரலில் சாம்பலைத் தொட்டு இரண்டையும் சேர்த்து ஒரு முறுக்கு. அடுத்தது. ஆயிரக்கணக்கான இழை. ஒன்று விட்டுப்போனாலும் துணியில் நெடுகக் கோடு விழும். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் கட்-ஆஃப் ஞாபகமே வரவில்லை. மே மாதத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அப்பாவிடம் சொன்னேன், டெக்ஸ்டைல் டெக்னாலஜி எடுக்கலாம் என்று இருக்கிறேன் என்று. தறி ஓடும்போது எங்கள் வீட்டில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும், அதனால் பக்கத்துக் குடோன் வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்பா தறியை நிறுத்தினார். "அம்மணி, இந்தச் சத்தத்த உட்டுப் போறதுக்குத்தான் உன்னையப் படிக்க வெக்கறது" என்றார். திரும்ப ஓட்டிவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

ரேங்க் லிஸ்ட் வந்தது. ஐந்து இலக்கம். பொது ரேங்க் ஒன்று, சமூகப் பிரிவு ரேங்க் ஒன்று. எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றேதான்: "அப்ப கம்ப்யூட்டர் கெடைக்குமா?"

அம்மாவைப் பெற்ற அம்மிச்சி மட்டும் கேட்கவில்லை. அரிசிம்பருப்பு சாதம் கிண்டி, நெய்யைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிக் கொடுத்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

மாமா வீட்டு அக்கா வந்திருந்தாள். அவள் காலத்தில் கவுன்சிலிங் நேரில், கிண்டியில். மாமாவும் அவளும் சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடியற்காலையில் சென்னையில் இறங்கி, லாட்ஜில் குளித்துவிட்டுப் போனார்களாம். பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடுமாம், இவள் பார்த்து வைத்திருந்த இடம் முறை வருவதற்குள் கண் முன்னாடியே பூஜ்யமாகிவிட்டதாம். மாமா அப்படியே திரும்பி, "அடுத்தது என்ன சாமி?" என்று கேட்டாராம். சில நிமிஷத்தில் முடிவு.

2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். ரயில் செலவு மிச்சம், வாஸ்தவம்தான். ஆனால் அக்காவுக்கு ஒரே நாள் வயிற்றைக் கலக்கியது, எனக்கு இரண்டு மாதமாகக் கலக்குகிறது.

ஜூலை 14, திங்கள்

முதல் சுற்றிலேயே என் ரேங்க் வந்துவிட்டது. சாய்ஸ் போட மூன்று நாள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், மேலே இருக்கிறதுதான் முதலில் பார்க்கப்படும். ஆக வரிசைதான் எல்லாமே.

அப்பாவின் வரிசை: கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர், ஐ.டி. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சரி, வீட்டிலிருந்து பஸ் இருந்தால் போதும். என் வரிசை: சென்னை அண்ணா பல்கலைக்கழகத்து ஏ.சி. டெக்கில் டெக்ஸ்டைல், பீளமேடு பி.எஸ்.ஜி. டெக்கில் டெக்ஸ்டைல், குமரகுருவில் டெக்ஸ்டைல், அதற்கு அப்புறம்தான் மற்றது. போன வருஷக் கட்-ஆஃபை வைத்து இந்த வருஷத்தைச் சொல்ல முடியாது, தெரியும், இருந்தாலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் டெக்ஸ்டைல் என்று அப்பாவிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. 2022-ல் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்களே, அப்போது நான் ஒன்பதாவது. வீடு அமைதியாக இருந்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்று நினைத்தேன். எனக்கும் வரவில்லை, அப்பாவுக்கும் வரவில்லை. நூல் கொடுக்கிறவர் ஒருத்தர், துணியை எடுத்துக்கொள்கிறவரும் அவரே, கூலியை முடிவு செய்கிறவரும் அவரே. நாங்கள் ஓட்டுகிறோம். நடுவில் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. இதை நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் இங்கே.

ஜூலை 16, புதன்

சாயங்காலம் ஐந்து மணிக்கு வரிசை பூட்டிக்கொள்ளும். மூன்றரைக்கு அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், மூக்குக்கண்ணாடியில் பஞ்சு. "எங்க, உன்ற லிஸ்ட்டக் காட்டு" என்றார்.

மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்தார். சென்னையில் நின்றது. "அத்தன தூரம் வேண்டாம் கண்ணு. மித்தது உன்ற இஷ்டம்."

நான் பேரம் பேசவில்லை. ஏ.சி. டெக்கை எடுத்தேன். ஓ.டி.பி. வருவதற்குள் கரண்ட் போய், பன்னிரண்டு தறியிலும் ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற நாடா ஒன்றாக நின்று, அப்பா அனிச்சையாக எழுந்து ஓடி, பாதி வழியில் திரும்பி வந்து, "வந்துருச்சா?" என்று அந்த அமைதியிலும் கத்தினார். வந்திருந்தது.

ஜூலை 17, வியாழன்

பத்து மணிக்குத் தற்காலிக ஒதுக்கீடு என்றார்கள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே ஆடிக் காற்று, இன்றைக்குத்தான் ஆடி ஒன்று, தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது.

10.40-க்குத் திறந்தது. பி.எஸ்.ஜி. டெக், டெக்ஸ்டைல் டெக்னாலஜி. முதல் சாய்ஸ். ஏ.சி. டெக் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று உடனே ஒரு நினைப்பு வந்தது, அதையும் எழுதி வைக்கிறேன்.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். எட்டு நல்ல நம்பர் என்கிறாள் இப்போது.

ஜூலை 19, சனி

'ஏற்றுச் சேர்கிறேன்' என்று நேற்றே கொடுத்துவிட்டேன். இன்றைக்கு உறுதி ஆகிவிட்டது. திங்கட்கிழமை ஃபீஸ் கட்டப் போக வேண்டும். பல்லடத்திலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று தம்பி விசாரித்து வைத்திருக்கிறான்.

ராத்திரி அப்பா எண்ணெய்க் குவளையோடு வந்து வாசற்படியில் நின்றார். "அங்க நாடா இல்லாத தறி வெச்சிருப்பாங்களா அம்மணி?"

"இருக்கும்ப்பா."

"சத்தம் எப்புடி இருக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றுவிட்டு ஏழாம் தறிக்கு எண்ணெய் விடப் போனார்.