இரண்டு ஐயர்களும் ஒரு கல்வெட்டின் இரண்டு எண்களும்

சங்கப் பாடல்களில் வரும் உமணர்கள், அதாவது உப்பு வணிகர்கள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். கட்டுரையை எழுதியபோது கற்றதைவிட அதன் துணைநூற்பட்டியலை ஒழுங்குபடுத்தியபோது கற்றது அதிகம். தமிழ் மூலங்களை வைத்துக்கொண்டு ஆங்கில இதழுக்கு எழுதும் யாரும் இதே இடங்களில் வந்து நிற்பார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

இதழ் கேட்டது ஏ.பி.ஏ. என்னும் மேற்கோள் முறை, 2019இல் வந்த ஏழாம் பதிப்பு. அமெரிக்க உளவியல் சங்கம் தன் துறைக்காக வகுத்த முறை அது. இன்று பல துறை இதழ்கள் அதையே கேட்கின்றன. உள்ளே ஒரு மேற்கோள் காட்டினால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வர வேண்டும். சென்ற ஆண்டு வந்த ஆய்வுக் கட்டுரை என்றால் சிக்கலே இல்லை. நற்றிணை 183ஆம் பாடலுக்கு என்ன செய்வது? தம் நாட்டு வெண்ணெல்லைக் கொடுத்து, பிற நாட்டு உப்பைப் பெற்று, வண்டி வண்டியாக நெடுவழி போகும் உமணர்களைக் காட்டும் பாடல் அது. பாடியவர் பெயர் தெரியவில்லை. உரை எழுதிப் பதிப்பித்தவர் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர், முதல் பதிப்பு 1915. என் கையில் இருந்ததோ பிற்கால மறுபதிப்பு. இதில் ஆசிரியர் யார், ஆண்டு எது?

விதி நூலைப் புரட்டுவதோடு நிற்காமல், நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: தமிழ் தெரியாத ஓர் ஆய்வாளர் இந்தப் பாடலைத் தேடிப் போனால் என் குறிப்பு அவரைச் சரியான பக்கத்தில் கொண்டுபோய் விடுமா? அப்படிப் பார்த்ததும் வழி தெரிந்தது. பட்டியலில் உரையாசிரியரின் பெயர், நான் பயன்படுத்திய பதிப்பின் ஆண்டு, கடைசியில் முதலில் வெளிவந்த ஆண்டு. கட்டுரைக்குள் இரண்டு ஆண்டுகளும் சாய்கோட்டால் பிரிக்கப்பட்டு வரும். பக்க எண்ணுக்குப் பதில் பாடல் எண்ணும் அடி எண்ணும். தொன்மையான நூல்களுக்கு அப்படிக் காட்ட ஏ.பி.ஏ. முறையே இடம் தருகிறது. எந்தப் பதிப்பை எடுத்தாலும் 183 என்பது பெரும்பாலும் 183தான். பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். பாடியவர் பெயர் தெரியவில்லை என்பதை வாக்கியத்துக்குள்ளேயே எழுதினேன். பாடியவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் போவதை நான் ஏற்க மாட்டேன்.

அடுத்தது பெயர்கள். பட்டியலுக்கு ஸோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்தினேன். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையத்தில் உருவாகி 2006இல் வெளிவந்தது, இலவசம். ஆங்கிலக் கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாள எண்ணைக் கொடுத்தால் மற்ற விவரங்களைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆனால் நூலகப் பட்டியல்களிலிருந்து தமிழ் நூல்களை இறக்கியபோது, பல பதிவுகளில் பெயரின் கடைசிச் சொல் குடும்பப் பெயராகப் பதிந்திருந்தது. விளைவு, நாராயணசாமி ஐயரும் 'ஐயர்', குறுந்தொகையை 1937இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் 'ஐயர்'. பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை வெறும் 'பிள்ளை'. கட்டுரைக்குள் 'ஐயர், 1937' என்று வந்தால் எந்த ஐயர் என்று வாசகர் எப்படி அறிவார்? ஒவ்வொரு பதிவையும் திறந்து 'சாமிநாத ஐயர்', 'நாராயணசாமி ஐயர்', 'வையாபுரிப் பிள்ளை' என்ற முழுப்பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்திலும், முன்னெழுத்துகளை அடுத்த கட்டத்திலும் போட்டேன். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. மென்பொருளுக்கு அது தெரியாது என்பதால் நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு பாடு. நற்றிணை என்ற பெயரே ஆங்கில எழுத்தில் குறைந்தது மூன்று விதமாகப் புழங்குகிறது. சாமிநாதையரின் பெயர் சில நூலகங்களில் சி எழுத்தின் கீழும், பரவலான வழக்கில் எஸ் எழுத்தின் கீழும் இருக்கிறது. இரண்டையும் கலந்தால் ஒரே மனிதர் பட்டியலில் இரண்டு பேராகிவிடுவார். நான் வகுத்துக்கொண்டது இதுதான்: ஆட்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் பரவலாக அறியப்பட்ட வடிவத்தில், நூல் தலைப்புகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் அகராதி கையாளும் ஒலிபெயர்ப்பில், பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருள். இதைக் கட்டுரையின் முதல் அடிக்குறிப்பில் இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். மதிப்பீட்டாளர்களிடமிருந்து இதுபற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

நூலகத்தில் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதே தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் படம் எடுத்துவிடுங்கள். பழைய தமிழ் நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். என்னும் நூல் அடையாள எண் கிடையாது, எல்லாம் கையால் தட்டச்சு செய்ய வேண்டியவை. சிலவற்றில் ஆங்கில ஆண்டே இருக்காது. திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31ஐக் கழிக்கலாம்: 1986 என்றிருந்தால் 1955. 'ஜய வருஷம்' என்று மட்டும் இருந்தால் 1894ஆகவும் இருக்கலாம், 1954ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புகிறது. தாள், அச்செழுத்து, முன்னுரையில் குறிப்பிடப்படும் ஆட்கள் ஆகியவற்றை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். மாதமும் முக்கியம். தை, மாசி என்றால் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும்.

கல்வெட்டுகளுக்கு நான் பயன்படுத்திய முறையில் ஆயத்த வார்ப்பே இல்லை. உப்பளங்கள் வரும் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பீட்டுக்காக எடுத்திருந்தேன். ஒரே கல்வெட்டுக்குத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் ஓர் எண் இருக்கும். பின்னால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் முழுப் பாடம் அச்சானபோது வேறு எண் பெற்றிருக்கும். ஒரு கட்டுரையாளர் ஒரு எண்ணையும் மற்றொருவர் இன்னொரு எண்ணையும் தந்தால், வாசிப்பவர் அவற்றை இரண்டு சான்றுகளாக எண்ணிவிட வாய்ப்பு உண்டு. ஒரே சான்றை இரண்டாகக் காட்டி எழுப்பும் வாதம் நிற்காது. ஆகவே தொகுதியைப் பட்டியலில் ஒரு நூலாகச் சேர்த்து, கட்டுரைக்குள் தொகுதி எண், கல்வெட்டு எண், கூடவே ஆண்டறிக்கை எண் என மூன்றையும் தந்தேன். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது; அது தேவையான இடம்.

ஏழாம் பதிப்பு நூல் வெளியான ஊரை விட்டுவிடச் சொல்கிறது. இன்றைய பெரிய பதிப்பகங்களுக்கு அது சரி. அச்சுக்கூடத்தின் பெயரை மட்டும் தாங்கிவரும் பழைய தமிழ் நூலுக்கு ஊர் ஒரு முக்கியமான அடையாளம். இதழின் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டேன். பழைய நூல்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். கேட்டால் கிடைக்கும் சலுகைகள் இவை, தயங்க வேண்டாம்.

கடைசிச் சரிபார்ப்பைத் தாளில் செய்தேன். கட்டுரைக்குள் வரும் ஒவ்வொரு பெயரையும் பட்டியலில் தேடிக் குறியிட்டேன். பிறகு பட்டியலிலிருந்து கட்டுரைக்கு. கட்டுரையில் வெட்டிய பத்திகளோடு தொடர்புடைய நூல்கள் பட்டியலில் தங்கிவிடும். எதிர்த்திசையில் பார்க்கும்போதுதான் அவை அகப்படும். டி.ஓ.ஐ. இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, திறப்பது அதே கட்டுரைதானா என்று பார்த்தேன்.

அச்சுக்கு முந்தைய ப்ரூஃப் வந்தபோது முதலில் பார்த்தது ஒலிபெயர்ப்பில் ஆங்கில எழுத்துகளுக்கு மேலும் கீழும் உள்ள கோடுகளையும் புள்ளிகளையும். ழகரத்தின் கீழ்க்கோடு சில இடங்களில் உதிர்ந்திருந்தது. எழுத்துரு மாறும்போது இப்படி நடக்கும். வேண்டிய குறியெழுத்துகளின் பட்டியலை, அவை வரும் வரி எண்களோடு தனித்தாளாக அனுப்பினேன்; அச்சுக்கோப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே எழவில்லை, எல்லாம் திருத்தமாக வந்தன.