12.6 வோல்ட் சொன்ன பொய்

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி. எஞ்சின் அசையாது. என்னுடைய சிறிய பெட்ரோல் படகோடு ஒரு பருவம் முழுக்க நான் பட்ட பாடு இந்தச் சத்தத்தில்தான் தொடங்கியது.

ஒரேயடியாகக் கிளம்ப மறுத்திருந்தால் பழுது இரண்டு நாளில் பிடிபட்டிருக்கும். என் படகு அப்படி நேர்மையானது அல்ல. கரையில் நிற்கும்போது முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு கிளம்பும். ஏரியின் நடுவில் எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் மிதந்துவிட்டுத் திரும்பலாம் என்று பார்த்தால் ‘டக்’. ஐந்தாறு முறை திருப்பினால் ஒருமுறை எடுக்கும். சில நாள் ‘டக்’குக்குப் பதிலாகப் படபடவென்று பல்லி கத்துவதுபோல் ஒரு சத்தம். ஒருநாள் எதுவும் பலிக்காமல், அந்த வழியாக வந்த இன்னொரு படகில் கயிறு கட்டி இழுத்துவர வேண்டியதாயிற்று. கூட வந்திருந்த அக்கா மகன், “மாமா, துடுப்பு வாங்கிவிடலாமா?” என்று கேட்டான். சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முதல் வைத்தியம் பேட்டரி. படபடவென்ற சத்தம் வந்தால் பேட்டரி வலுவிழந்துவிட்டது என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் மின்சாரத்தை அளக்கும் என் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஓய்வில் 12.6 காட்டினால் முழுச் சார்ஜில் இருக்கிறது என்று பொருள். பாதி இறங்கியிருந்தால் 12.2 அளவில் இருக்கும். இவ்வளவு தெரிந்திருந்தும் புதிய பேட்டரி வாங்கினேன். இரண்டு வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. மூன்றாவது வாரம் ‘டக்’. இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது: பேட்டரியை மாற்றும்போது வயர்களைக் கழற்றி, இழுத்து, அசைத்து மாட்டியிருக்கிறேன். அந்த அசைவுதான் இரண்டு வாரத்துக்கு வேலை செய்திருக்கிறது.

அடுத்து நியூட்ரல் சுவிட்ச். கியர் விழுந்திருக்கும்போது எஞ்சின் கிளம்பிவிடாமல் தடுப்பதற்காக நெம்புகோலுக்கு அடியில் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு நடுவில் நிறுத்தினால் சில நேரம் கிளம்பியது. அவ்வளவுதான், குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று முடிவுகட்டினேன். பூசாரி உடுக்கை அடிப்பதுபோல் ஒவ்வொரு முறையும் நெம்புகோலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சுவிட்ச் பழுதாகியிருந்தால் ‘டக்’ சத்தமே வந்திருக்காது என்பது உறைக்கப் பல நாள் ஆனது.

மூன்றாவது, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார். இதிலாவது ஒரு முட்டாள்தனத்தைத் தவிர்த்தேன். பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும் கார் ஸ்டார்ட்டர் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் அது கீழே இறங்கிக் கலைந்து போய்விடும், படகின் அடிவயிற்றிலோ தேங்கி நிற்கும். படகுக்கான ஸ்டார்ட்டரை, உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி அடைத்துச் செய்திருப்பார்கள். காருக்கானதில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கும் இதே கதைதான். ஆகவே சரியானதைத்தான் வாங்கினேன், சரியான விலையும் கொடுத்தேன். மாட்டிய மறுநாள் காலை ‘டக்’.

படகுத்துறையில் எனக்குப் பக்கத்து இடத்தில் படகு கட்டுபவர் ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“மீட்டரில் எவ்வளவு வருகிறது, தம்பி?”

“12.6 ஐயா. ஸ்டார்ட்டர் முனையில் வைத்தாலும் அதே 12.6 தான்.”

“சாவியைத் திருப்புவதற்கு முன்பா, திருப்பிப் பிடித்திருக்கும்போதா?”

முன்பு என்றேன். “சும்மா உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து நீ பலசாலியா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வான். மூட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்” என்றார். போய்விட்டார்.

அன்று மாலையே உட்கார்ந்தேன். எஞ்சின் அறையின் மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, ஆவியை வெளியே தள்ளும் ஊதுவிசிறியை நான்கு நிமிடம் ஓடவிட்டேன். படகின் உடலுக்குள் பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் எவருக்கும் இந்த நான்கு நிமிடம் பேரத்துக்கு உரியது அல்ல. படகு தண்ணீரிலேயே இருந்ததால் குளிர்விக்கும் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை. டிரெய்லரில் வைத்துச் சோதிப்பதாக இருந்தால் குழாய்த் தண்ணீரை இணைக்காமல் எஞ்சினை ஓடவிடக் கூடாது. தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இறக்கைகள் வறண்டு சுழன்றால் சீக்கிரமே சிதைந்துவிடும்.

முதலில் காதை வைத்துக் கேட்டேன். சாவியிலிருந்து வரும் மின்சாரம் நியூட்ரல் சுவிட்ச் வழியாக, மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட வயரில் ரிலே என்னும் ஒரு சிறிய மின்காந்தச் சுவிட்சுக்குப் போகிறது. அந்த ரிலே ஸ்டார்ட்டர் மேல் இருக்கும் சோலனாய்டு என்னும் பெரிய சுவிட்சை இயக்குகிறது. சோலனாய்டு மூடியதும் தடித்த வயர் வழியாக மோட்டாருக்குப் பெருமின்னோட்டம் பாய வேண்டும். மருமகன் சாவியைத் திருப்ப, நான் கவனித்தேன். ஒரு சத்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு: ரிலேயிலிருந்து மெல்லிய ‘டிக்’, உடனே ஸ்டார்ட்டரிலிருந்து கனத்த ‘டக்’. அப்படியானால் சாவி, நியூட்ரல் சுவிட்ச், ஃபியூஸ், ரிலே எல்லாம் தங்கள் கடமையைச் செய்கின்றன. கோளாறு தடித்த வயர்ப் பாதையில். இத்தனை நாள் நான் நெம்புகோலை ஆட்டியதெல்லாம் வெறும் சடங்கு.

பிறகு மீட்டரை எடுத்தேன். ஒவ்வோர் அளவுக்கும் சாவியை மூன்று விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று பையனிடம் சொல்லிவைத்தேன், ஸ்டார்ட்டர் சூடேறிவிடும். பேட்டரியின் இரு முனைகளில் மீட்டர் முள்ளை வைத்துத் திருப்பச் சொன்னேன். 11.8. இந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்திருப்பேன், ஆனால் அதுதான் துப்பு. நல்ல ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும்போது நூறு, நூற்றைம்பது ஆம்பியர், பெரிய எஞ்சினாக இருந்தால் இன்னும் அதிகமாகவே இழுக்கும். பேட்டரி பத்தரை வோல்ட் அளவுக்காவது இறங்கித் தள்ளாட வேண்டும். எஞ்சின் சுழலாமல், பேட்டரியும் பெரிதாகத் தள்ளாடாமல் இருக்கிறதென்றால் மின்சாரம் வழியில் எங்கேயோ மறிக்கப்படுகிறது.

அடுத்து ஸ்டார்ட்டரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையில் வைத்தேன்: 3.1. பேட்டரியிலிருந்து 11.8 புறப்படுகிறது, மோட்டாருக்கு 3.1 தான் வந்துசேர்கிறது. இடையில் 8.7 வோல்ட் களவு போயிருக்கிறது. திருடன் நேர்முனைப் பக்கமா, எதிர்முனைப் பக்கமா? பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஸ்டார்ட்டர் முனை வரை ஒரே வயரின் இரு நுனிகளில் மீட்டரை வைத்தால் 0.4. அது போகட்டும், அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து எஞ்சின் உடல் வரை போகும் எர்த் வயரில்: 8.3.

மருமகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, பாஸா ஃபெயிலா?” என்றான். 3.1, 0.4, 8.3 மூன்றையும் கூட்டச் சொன்னேன். 11.8. கணக்கு ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அந்த எர்த் வயரின் எஞ்சின் பக்க நுனியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

ஓய்வில் ஏன் இது தெரியவில்லை? தோட்டக் குழாயின் மேல் யாரோ காலை வைத்து மிதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நுனியை மூடிவைத்திருந்தால் அங்கேயும் முழு அழுத்தம் இருக்கும். நுனியைத் திறந்தால்தான் தண்ணீர் சொட்டுவது தெரியும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் இம்மியளவு. ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12.6 காட்டிவிடும். வயரின் தடையை ஓம் அளவில் பார்த்தும் பயனில்லை. நான் முன்பே பார்த்திருந்தேன், 0.3 வந்தது. மீட்டர் முட்கள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே என் மீட்டரில் 0.3 தான் வரும். இங்கே வில்லனாக நின்ற தடையோ ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு (எதிர்முனையை முதலில், ஸ்பானர் தவறி எஞ்சின்மேல் பட்டாலும் பொறி பறக்காது) அந்த எர்த் வயரை வெளியே எடுத்தேன். வெளிப் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. நுனியிலிருந்த கறுப்பு உறையைக் கத்தியால் கீறினேன். உள்ளே பச்சைக் களிம்பு பொடிப்பொடியாகக் கொட்டியது. அதற்கும் மேலே ஒரு சாண் தூரம் உறையை உரித்தாலும் செம்பு கறுத்துப்போயிருந்தது. ஈரம் இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போயிருக்கிறது. வயரின் நுனியை எஞ்சினோடு பிணைக்கும் உலோக மூக்குக்குள் உயிரோடு இருந்த இழைகளை விரல்விட்டு எண்ணலாம். எஞ்சின் அதிரும்போது அவை சில நேரம் தொட்டுக்கொண்டன, சில நேரம் விலகிக்கொண்டன.

புதிய வயர் வெள்ளீயம் பூசிய செம்பு இழைகளால் ஆனது, பழையதைவிட ஒரு சுற்றுத் தடிமன். மூக்கை நசுக்கிப் பொருத்துவதற்கு அதற்கென்றே உள்ள கருவியை இரவல் வாங்கினேன். சுத்தியால் தட்டி ஒட்டவைக்கும் வேலை மறுபடி இதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து விடும். உள்ளே பசையுள்ள சுருங்கும் உறையைச் சூடுகாட்டி மூடினேன். எஞ்சினில் அது உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியவைத்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினேன். பேட்டரி முனைகளில் கையால் திருகும் சிறகு நட்டுகள் இருந்தன. அதிர்வில் அவை தளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் தூக்கிப்போட்டுவிட்டு ஸ்பானரால் முடுக்கும் நட்டுகளைப் போட்டேன்.

சாவி. எஞ்சின் எடுத்துக்கொண்டது. மறுபடி அளந்தேன்: எதிர்முனைப் பக்கம் 0.1, நேர்முனைப் பக்கம் 0.3, சுழலும்போது பேட்டரியில் 10.6. பேட்டரி நன்றாகவே தள்ளாடியது. பார்க்க ஆனந்தமாக இருந்தது.

ஒன்றை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். பழுதிருந்த நாட்களில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் முகப்பில் எரிபொருள் முள்ளும் வெப்பநிலை முள்ளும் பைத்தியம் பிடித்தாற்போல் துள்ளும். தடித்த எர்த் வயரில் வழி கிடைக்காத மின்சாரம் மெல்லிய கறுப்பு வயர்கள் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. முகப்புக்கு வரும் இணைப்புச் செருகியைக் கழற்றினால் ஒரு கறுப்பு வயரின் உறை பழுப்பேறி இளகியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எங்கே போய் முடிந்திருக்குமோ. அதையும் மாற்றினேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி எஞ்சின் அசையவில்லை. இந்த முறை படபடவென்ற சத்தம் மட்டும். நெஞ்சு திக்கென்றது. ஆனால் இது வேறு நோய், எளிய நோய். பேட்டரி 11.9 க்கு இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எதிர்முனை வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்தேன்: 0.12. அற்பம்தான். ஆனால் நாளொன்றுக்கு 2.9 ஆம்பியர் மணி, மூன்று வாரத்தில் 60. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில் பாட்டுப் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கியபோது எண் விழுந்தது. அதன் வயரை மெயின் சுவிட்சுக்கு மறுபக்கம் மாற்றிக்கொண்டேன். (மீட்டர் இப்படி இடையில் இருக்கும்போது பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பிவிட்டேன். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் எங்கே கிடைக்கும் என்பதும் இப்போது எனக்குத் தெரியும்.)

பருவம் முடிந்து படகைக் கரையேற்றுவதற்கு முன் ஓர் ஆசைக்காகப் பழைய ஸ்டார்ட்டரைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டினேன். ஊதுவிசிறி நான்கு நிமிடம், பிறகு சாவி. அரைத் திருப்பில் எஞ்சின் ஓடியது. அதையே விட்டுவிட்டேன். புதியது அதன் அட்டைப்பெட்டிக்கே திரும்பிப் போயிருக்கிறது. அலமாரியில், அந்தப் பழைய பேட்டரிக்குப் பக்கத்தில். அந்தப் பேட்டரியை நேற்றுக்கூட அளந்து பார்த்தேன்: 12.6.