ரேஸ் ஃபிரேமா, எண்டியூரன்ஸ் ஃபிரேமா? கை எங்கே விழுகிறது என்று அளந்து பாருங்கள்

ரோடு பைக் வாங்கப் போனால் முதலில் கேட்பது, "ரேஸா, எண்டியூரன்ஸா?" வேகம் வேண்டுமென்றால் முதலாவது, முதுகு வலி கூடாதென்றால் இரண்டாவது என்று விஷயத்தை அதோடு முடித்துவிடுவார்கள். இந்தப் பெயர்களை மட்டும் நம்பி வாங்கியவர்கள்தான் பிறகு கை மரத்துப்போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று ஸ்டெம்மை (ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் துண்டை) மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபிரேமில் ஒட்டியிருக்கும் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் உடம்புக்குத் தெரிவது மூன்றே இடங்கள்: கால் மிதிக்கும் இடம், உட்காரும் இடம், கை பிடிக்கும் இடம். முதல் இரண்டையும் ஏறக்குறைய எந்த ஃபிரேமிலும் சரிசெய்துகொள்ளலாம். மூன்றாவதைத்தான் ஃபிரேம் தீர்மானிக்கிறது.

அதனால் ஜியோமெட்ரி அட்டவணையை (ஃபிரேமின் நீளங்களும் கோணங்களும் உள்ள பட்டியலை) திறந்ததும் முதலில் தேட வேண்டியவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்கள். கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் (இனி பி.பி.) நடுப்புள்ளியிலிருந்து ஹெட் டியூபின் (முன் ஃபோர்க்கின் தண்டு நுழையும் குழாயின்) மேல் விளிம்பு வரை நேர் உயரம் ஸ்டாக், அதே புள்ளிகளுக்கு நடுவே கிடைமட்டத் தூரம் ரீச். டிரையத்லான் பைக்குகளை ஒப்பிட டான் எம்ஃபீல்டு கொண்டுவந்த முறை இது. இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் இதையே அச்சிடுகின்றன. முன்பு மேல் குழாய் தரைக்கு இணையாக இருந்ததால் சீட் டியூபின் (சேடில் கம்பம் நுழையும் குழாயின்) நீளமே சைஸாக இருந்தது. மைக் பரோஸ் வடிவமைத்த ஜயன்ட் டிசிஆர் 1990களின் பிற்பகுதியில் மேல் குழாயைச் சரித்த பிறகு அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. 54, 56 என்ற எண்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியின் 56 மாதிரி இருப்பது சர்வ சாதாரணம்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு ஃபிரேம்களை எடுத்துக்கொள்வோம். 2021 ட்ரெக் எமோண்டா எஸ்எல், 56 சைஸ்: ஸ்டாக் 563 மி.மீ., ரீச் 391. அதே காலத்து டொமேன், அதே 56: ஸ்டாக் 591, ரீச் 377. ஒன்று ரேஸ், மற்றது எண்டியூரன்ஸ். பார்த்ததும் டொமேன் 28 மி.மீ. உயரம், 14 மி.மீ. குட்டை என்று தோன்றும். உயரக் கணக்கு சரி. நீளக் கணக்கு தப்பு.

காரணம், ஹெட் டியூப் செங்குத்தாக நிற்பதில்லை, பின்னால் சாய்ந்திருக்கிறது. ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் வளையங்கள் போட்டு உயர்த்த உயர்த்தக் கைப்பிடி பின்னாலும் வருகிறது. 73 டிகிரி கோணத்தில் ஒவ்வொரு 10 மி.மீ. உயரத்துக்கும் சுமார் 3 மி.மீ. பின்வாங்கும். எமோண்டாவை 28 மி.மீ. உயர்த்தி டொமேன் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அதன் ரீச் 383க்கு வந்துவிடும். ஆக, நிஜமான நீள வித்தியாசம் 14 அல்ல, 6 மி.மீ. ஸ்டெம்மில் ஒரு சைஸ் மாற்றினாலே 10 மி.மீ. போய்விடும். ஸ்டாக்கைச் சமப்படுத்தாமல் ரீச்சை ஒப்பிடக் கூடாது. அட்டவணை பார்க்கிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

இதே சறுக்கல் "ஒரு சைஸ் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள், எட்டும் தூரம் குறையும்" என்ற அறிவுரையிலும் உண்டு. (கடையில் எந்த சைஸ் மீந்திருக்கிறதோ அதற்கேற்பவும் இந்த அறிவுரை மாறும் என்பது வேறு விஷயம்.) எமோண்டா 54இல் ஸ்டாக் 541, ரீச் 386. ரீச்சில் 5 மி.மீ. குறைவதற்கு உயரத்தில் 22 மி.மீ. இழக்கிறீர்கள். ஏற்கெனவே குனிய முடியாதவருக்கு இது எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

இனி உங்கள் எண்களை எடுக்கும் முறை. இப்போது ஓட்டும் பைக் ஓரளவு ஒத்துப்போகிறது என்றால் அதிலிருந்தே எடுக்கலாம். சமதளத் தரையில் (ரசமட்டம் வைத்துப் பாருங்கள், மொட்டைமாடித் தரை பெரும்பாலும் வாட்டமாகத்தான் இருக்கும்) பைக்கைச் சுவரோடு நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து பி.பி. நடு வரை, தரையிலிருந்து ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் ஹேண்டில் பாரின் நடு வரை அளந்து கழித்தால் கைப்பிடியின் உயரம் வரும். பாரின் நடுவிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலுக்கும் பி.பி. நடுவுக்கும் உள்ள கிடைமட்டத் தூரத்தை எடுங்கள். 650, 472 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம்.

இந்த எண்ணுக்கு டொமேன் 56இல் ஹெட்செட் மூடி 10, ஸ்பேசர் 10, ஸ்டெம்மின் பாதி உயரம் 20 என ஸ்டீரர் (ஹெட் டியூபுக்குள் நுழையும் ஃபோர்க் தண்டு) வழியே 40 மி.மீ. சேருங்கள். மேலே −7 டிகிரி (ஸ்டீரருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 7 டிகிரி கீழே சாயும்), 110 மி.மீ. ஸ்டெம். கணக்கு போட்டால் உயரம் 650, நீளம் 472. கச்சிதம். எமோண்டா 56இல் அதே 40 மி.மீ., 100 மி.மீ. ஸ்டெம் போட்டால் உயரம் 618 மட்டுமே, நீளம் 478. அந்த ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பி +7 ஆக்கி, ஸ்பேசரை 20க்கு ஏற்றினால் 651, 468க்கு வந்துவிடும். பார்க்கக் கொக்கு கழுத்தை நீட்டியது போலிருக்கும்; ஆனால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. ரேஸ் ஃபிரேமில் சௌகரியமாக உட்கார முடியாது என்பதெல்லாம் பொய்.

எதிர்ப்பக்கம்தான் வழி கிடையாது. டொமேனை எமோண்டா அளவுக்குத் தாழ்த்த வேண்டுமென்றால் ஸ்பேசர் முழுவதையும் எடுத்து, −17 டிகிரி ஸ்டெம் போட்டு, அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் ஹெட் டியூப் நின்று தடுக்கும். உயரமான ஃபிரேமைத் தாழ்த்த முடியாது. தாழ்ந்த ஃபிரேமை 30 மி.மீ. வரை உயர்த்தலாம். கார்பன் ஸ்டீரரில் எத்தனை மி.மீ. ஸ்பேசர் அனுமதி என்று தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். அந்த எல்லையைத் தாண்டுவது விளையாட்டல்ல, ஸ்டீரர் முறிந்தால் முன்சக்கரம் தனியே போகும்.

முதல் பைக் என்றால் அளக்கப் பழைய பைக் இருக்காது. கால் இடுக்கிலிருந்து தரை வரை உள்ள உயரத்தை 0.883 ஆல் பெருக்குங்கள், பி.பி. நடுவிலிருந்து சேடில் மேற்பரப்பு வரை அதுதான் தொடக்க உயரம். 83 செ.மீ. என்றால் 733 மி.மீ. அங்கிருந்து கைப்பிடி எவ்வளவு கீழே இருக்கலாம் என்பதுதான் கேள்வி. பிரவே என்ற நேர வரம்புள்ள நெடுந்தூர ஓட்டத்தில் 200 கி.மீ. 13½ மணி நேரத்துக்குள், 600 கி.மீ. 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அவ்வளவு நேரம் உட்காருகிறவருக்கு 2 முதல் 4 செ.மீ. போதும். ஒரு மணி நேரப் பந்தயத்துக்கு 6 முதல் 8. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொட முடியாதவர் எட்டு செ.மீ. கனவை ஒத்திவைக்கலாம்.

அட்டவணையில் இன்னொரு பொறி, எஃபெக்டிவ் டாப் டியூப், அதாவது ஹெட் டியூபின் மேல் விளிம்பிலிருந்து சேடில் கம்பம் வரை உள்ள கிடைமட்ட நீளம். சீட் டியூப் கோணம் 73 டிகிரியிலிருந்து 74.5க்குப் போனால், ரீச் மாறாமலே இந்த நீளம் சுமார் 15 மி.மீ. குறைந்து தெரியும். சின்ன சைஸ்களில் கோணத்தை நிமிர்த்திவைத்திருப்பதால் ஃபிரேம் குட்டையாகத் தோன்றும். சேடிலை உங்கள் முழங்காலுக்குச் சரியான இடத்துக்குப் பின்னால் தள்ளியதும் அந்த 15 மி.மீ. திரும்ப வந்து நிற்கும்.

ஓட்டும் குணத்துக்கு வருவோம். ஹெட் டியூப் கோணம் நிமிர்ந்திருந்தால் துடிப்பு, சாய்ந்திருந்தால் நிதானம் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். எமோண்டா 73.5 டிகிரி, டொமேன் 71.9. ஆனால் ஃபோர்க் முன்வளைவு முறையே 40, 48. இரண்டும் சேர்ந்து தீர்மானிப்பது ட்ரெயிலை, அதாவது திருப்பு அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரத்தை. எமோண்டாவில் 58, டொமேனில் 61. வித்தியாசம் 3 மி.மீ. மட்டுமே! கோணத்தில் தெரிந்த பெரிய வேறுபாட்டை ஃபோர்க் ஏறக்குறைய விழுங்கிவிட்டது. இரண்டும் வேறு மாதிரி ஓடுவதற்கு முக்கியக் காரணம் வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்): 983, 1010. செயின்ஸ்டே (பி.பி.யிலிருந்து பின்சக்கர அச்சு வரை) 410, 420. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது நீண்ட வீல்பேஸ் இருந்தால் பயந்து கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. கூட்டமாகப் பாயும் பந்தயத்தில் இடுக்கு பார்த்து நுழையும்போது குட்டையானது சொன்னபடி கேட்கும்.

பி.பி. டிராப் பற்றி ஒரு நுணுக்கம். சக்கர அச்சுக் கோட்டிலிருந்து பி.பி. எவ்வளவு கீழே இருக்கிறது என்பது அது. எமோண்டா 70, டொமேன் 78. டொமேனில் மிதிப்பது தரையோடு தரையாக இருக்குமோ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எமோண்டாவில் 25 மி.மீ. டயர், டொமேனில் 32 மி.மீ. டயர் போட்டுக் கணக்கிட்டால் இரண்டிலும் பி.பி. தரையிலிருந்து 266 மி.மீ. பக்கம்தான். அகல டயரின் உயரத்தை டிராப் ஈடுகட்டுகிறது. அதே டொமேனில் வேகத்துக்காக 25 மாட்டினால் பி.பி. 7 மி.மீ. இறங்கி, வளைவில் மிதித்துக்கொண்டே சாயும்போது பெடல் சாலையைச் சுரண்டும்.

டயர் என்றதும் சொல்லிவிட வேண்டும்: சௌகரியம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு ஜியோமெட்ரியே அல்ல, காற்றுதான். 2021 எமோண்டாவில் 28 மி.மீ. வரைதான் இடம், டொமேனில் 38 வரை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக வரும் வேகத்தடைக் கோடுகளில் 25 மி.மீ. டயரும் 32 மி.மீ. டயரும் ஒன்றல்ல. ஸ்டாக், ரீச் இரண்டிலும் பொருந்துகிற இரண்டு ஃபிரேம்கள் கையில் இருந்தால் அதிக டயர் இடம் உள்ளதை எடுங்கள், பந்தயம் ஓட்டுகிறவராக இருந்தாலும் கூட.

உயரம் குறைந்தவர்கள் கடையிலேயே ஒன்று பார்த்துவிட வேண்டும். க்ளீட் ஷூவோடு (பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூவோடு) ஏறி, பெடல்களை முன்னும் பின்னுமாகக் கிடைமட்டத்தில் நிறுத்தி, முன்சக்கரத்தை மெல்லத் திருப்புங்கள். ஷூ நுனி டயரில் உரசுகிறதா? வேகத்தில் இது வராது, திருப்பும் கோணம் அவ்வளவு இருக்காது. சந்துக்குள் யூ டர்ன் போடும்போதுதான் கவிழ்த்துவிடும். 48, 50 சைஸ்களில் ஹெட் கோணத்தை 71க்குப் பக்கத்தில் சாய்ப்பதே பெரும்பாலும் இந்த உரசலைத் தவிர்க்கத்தான்.

வலி வந்தால் உடனே ஃபிரேமின் மேல் பழி போட வேண்டாம். சேடில் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, கைகள் தாங்கித் தாங்கி மரத்துப்போகும்; ரீச் அதிகம் என்று தோன்றும். ரசமட்டத்தை சேடில் மேல் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஹேண்டில் பாரின் சொந்த ரீச்சும் 70 முதல் 100 வரை மாறுபடும். பாரை மாற்றினாலே ஹூட் (கை பிடிக்கும் பிரேக் லிவரின் மேல்பகுதி) 20, 30 மி.மீ. கிட்டே வரலாம். ஸ்டெம் 80க்குக் கீழே போனால்தான் சரிவருகிறது என்றால் மட்டும் ஃபிரேம் உங்களுக்குப் பெரிது.

இப்போது வரும் உயர்ரக ஃபிரேம்களில் பிரேக் குழாய்கள் ஹெட்செட் வழியே உள்ளே ஓடுகின்றன. பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டாக இருந்தால் ஒரு சென்டிமீட்டர் மாற்றுவதற்கும் முழுத் துண்டையும் வாங்கி, ஹைட்ராலிக் குழாயைக் கழற்றி, மறுபடி எண்ணெய் ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் வாங்குமுன்பே ஸ்டெம் நீளத்தை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். டெலிவரி எடுக்கும்போது ஸ்டீரரை வெட்ட விடாதீர்கள். கூடுதல் ஸ்பேசர்களை ஸ்டெம்முக்கு மேலே அடுக்கி ஒரு மாதம் ஓட்டுங்கள். உயரம் நிலைத்த பிறகு வெட்டும்போதும் மேலே ஒரு 5 மி.மீ. ஸ்பேசர் மிச்சமிருக்கட்டும், வெட்டிய ஸ்டீரர் திரும்ப வளராது.